கீமோவுக்கு மறுநாள் ஊசி - யாருடைய பொறுப்பு?

கீமோதெரபி முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நோயாளியிடம் பல ஆஸ்பத்திரிகளில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார்கள். "நாளைக்கு வந்து வெள்ளை அணு ஊசி போட்டுக்குங்க." வாந்தியும் களைப்புமாக இருப்பவருக்கு உடனே தோன்றுவது ஒன்றுதான். அதை இன்றைக்கே போட்டு அனுப்பினால் என்ன?

நியாயமான கேள்வி. அதற்கான பதில் நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுநோய் செல்கள் அப்படிப் பெருகுபவை. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் செல்களும் அப்படித்தான். மருந்துக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது, இரண்டையும் அடிக்கிறது. இதில் முதலில் பாதிக்கப்படுவது நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு. பாக்டீரியாவை எதிர்க்கும் முதல் வரிசைப் படை இது. ரத்தத்தில் இதன் ஆயுள் ஒரு நாள்கூட இல்லை என்பதால், மஜ்ஜையில் உற்பத்தி நின்றால் கையிருப்பு சீக்கிரமே கரைந்துவிடும். பெரும்பாலும் கீமோவுக்குப் பின் 7 முதல் 14 நாட்களுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே இறங்கிய நேரத்தில் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. உயிருக்கே ஆபத்து. தப்பித்தாலும் அடுத்த கீமோ தள்ளிப்போகலாம், அல்லது மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.

இதைத் தடுக்க வந்த மருந்துதான் ஃபில்கிராஸ்டிம். அமெரிக்காவில் 1991-ல் நியூபோஜென் என்ற பெயரில் அனுமதி பெற்றது. இதைத் தினமும் போட வேண்டும். 2002-ல் ஒரு கீமோ சுற்றுக்கு ஒரே ஊசி போதும் என்று பெக்ஃபில்கிராஸ்டிம் (நியூலாஸ்டா) வந்தது. இரண்டும் மஜ்ஜைக்கு இடும் கட்டளை ஒன்றுதான்: "சீக்கிரம் பெருகு."

சிக்கல் இங்கேதான். ஊசி செல்களைப் பெருகச் சொல்கிறது, கீமோ பெருகும் செல்களைத் தேடிக் கொல்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுப்பது, களைக்கொல்லி அடித்த ஈரம் காயும் முன்பே அதே வயலில் விதைப்பது மாதிரி. அதனால்தான் ஃபில்கிராஸ்டிமை கீமோவுக்கு முன்னும் பின்னும் 24 மணி நேரத்துக்குள் போடக் கூடாது என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது. உடம்பில் நீண்ட நாள் தங்கும் பெக்ஃபில்கிராஸ்டிமுக்கு விதி இன்னும் கடுமை. கீமோவுக்கு 14 நாள் முன்பிருந்து, கீமோ முடிந்து 24 மணி நேரம் வரை அதைப் போடக் கூடாது.

இது வெறும் ஏட்டு விதியா? 2010-ல் வெளியான ஒரு ஆய்வு கீமோ அன்றே போடுவதையும் மறுநாள் போடுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தது. அன்றே போட்ட மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு நியூட்ரோபில் மிகக் குறைந்திருந்த காலம் சராசரியாக 1.2 நாள் அதிகம். லிம்ஃபோமா நோயாளிகளுக்கு 0.9 நாள் அதிகம். ஒரு நாள்தானே என்று தோன்றலாம். எதிர்ப்புச் சக்தியே இல்லாத உடம்புக்கு அது கூடுதலாக ஒரு நாள் ஆபத்து.

தினசரி ஊசியில் இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. ஊசி ஆரம்பித்த ஓரிரு நாளில் ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறும். மஜ்ஜையில் ஏற்கெனவே இருந்த கையிருப்பு வெளியே வருவதுதான் அது. உண்மையான இறக்கம் அதற்குப் பிறகுதான். "கவுண்ட் நல்லா இருக்கே" என்று நோயாளி தானாகவே ஊசியை நிறுத்திவிட்டால், பாதுகாப்பு தேவைப்படும் வாரத்தில் அது இருக்காது.

ஆக, இந்த மருந்தில் நேரமும் மருந்தின் ஒரு பகுதி. அப்படியானால் அந்த நேரத்தைக் காப்பாற்றும் வேலையை நோயாளியின் தலையில் கட்டுவது என்ன நியாயம்? நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து கீமோ ஏற்றிக்கொண்டவர், ஒரு நிமிட ஊசிக்காக மறுநாளும் பஸ் ஏற வேண்டும். கூட வருபவருக்கு இன்னொரு நாள் கூலி போகும். அமெரிக்காவிலும் இந்தத் தூரம் பிரச்சினைதான். உடம்பில் ஒட்டி அனுப்பினால் சுமார் 27 மணி நேரம் கழித்துத் தானாகவே மருந்தைச் செலுத்தும் ஒரு கருவிக்கு 2014 டிசம்பரில் அங்கே அனுமதி கிடைத்தது. நோயாளி திரும்பி வருவது கஷ்டம் என்பதை ஒப்புக்கொண்ட கண்டுபிடிப்பு அது.

"வரவே முடியாதவருக்கு ஊசியே இல்லாமல் போவதைவிட அன்றே போடுவது மேல் இல்லையா?" என்று கேட்கலாம். சரிதான். அமெரிக்க வழிகாட்டு நெறிகளும் இதை விதிவிலக்காக ஏற்கின்றன. ஆனால் விதிவிலக்கு என்பது டாக்டர் நோயாளியோடு பேசி எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். கூட்டம் அதிகம், படுக்கை காலியாக வேண்டும் என்பதற்காக அது வழக்கமாகிவிடக் கூடாது.

விலை உயர்ந்த கருவி எல்லோருக்கும் எட்டாது. ஆனால் இந்த ஊசி தோலுக்கடியில் போடுவது, இன்சுலின் மாதிரி. கற்றுக்கொடுத்தால் வீட்டில் ஒருவரே போடலாம். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் போடலாம். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது என்று சொல்லி, ஐஸ் பெட்டியோடு கொடுத்தனுப்பினால் போதும்.

கூடவே ஒரு சீட்டு. அதில் நோயாளி படிக்கும் மொழியில் மூன்று வரி இருக்கட்டும். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் பிறகு ஊசி? யார், எங்கே போடுவார்கள்? காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவிலும் எந்த நம்பருக்குப் பேச வேண்டும்? ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கீமோ கொடுக்கும் ஆஸ்பத்திரிக்கு இந்த மூன்று வரி எழுதுவது பெரிய காரியமில்லை. எழுதித் தராவிட்டால், கேட்டு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.