டிரைவருக்கு பெட் போட்டாச்சா?

லீவுக்கு டூர் பிளான் போடுறவங்களுக்கு ஒரு த்ரெட். கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும்.

1/ டெம்போ டிராவலர் பிடிச்சு சென்னையிலிருந்து கும்பகோணம், ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரின்னு நாலு நாள் சுத்தப் போறீங்க. 12 பேருக்கு ஏசி ரூம், பாட்டிக்கு கீழ்த்தளம், குழந்தைக்கு வெந்நீர்னு எல்லாம் விசாரிச்சு புக் பண்றீங்க. வண்டி ஓட்டுறவர் எங்க தூங்குவார்? இதை மட்டும் கேக்குறதில்ல.

2/ வண்டியிலதான் தூங்குவார். சீட்டைச் சாய்ச்சு, கொசுக்கடியில, வேர்வையில. விடிகாலை 4 மணிக்கு "அண்ணே, கிளம்பலாமா?"ன்னு கண்ணாடியைத் தட்டுவீங்க.

3/ 17 மணி நேரம் தூங்காம இருந்தா, 100 மி.லி. ரத்தத்துல 50 மி.கி. ஆல்கஹால் இருக்குறவர் அளவுக்கு கவனமும் வேகமும் குறையும்னு ஆய்வுகள் சொல்லுது. நம்ம சட்டத்துல 30 மி.கி. தாண்டினாலே கேஸ். காலை 4 மணிக்கு எழுந்தவருக்கு ராத்திரி 9 மணிக்கே அந்த 17 மணி நேரம் முடிஞ்சிடுது. ஆனா ஊதச் சொன்னா மெஷின் சைபர்தான் காட்டும்.

4/ தூக்கம் பத்தாத மூளை சில விநாடி தானா அணைஞ்சுடும். மைக்ரோஸ்லீப். கண்ணு திறந்தே இருக்கலாம். 80 கி.மீ. வேகத்துல 4 விநாடின்னா கிட்டத்தட்ட 90 மீட்டர், ஓட்ட ஆளில்லாத வண்டி. பிரேக் போட்ட தடமே இருக்காது. ராத்திரி 2-லிருந்து 5 வரை இது ரொம்ப அதிகம். டீ, காபி வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். அதுவும் தூக்கத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

5/ "ஏசி போட்டு உள்ளயே படுத்துக்கட்டும்"னு பெருந்தன்மை வேண்டாம். இன்ஜின் ஓடுற வண்டிக்குள்ள கார்பன் மோனாக்சைடு சேரலாம். வாசனை கிடையாது. தூங்குறவருக்குத் தெரியவே தெரியாது.

6/ "பேட்டா குடுத்துட்டோமே." பேட்டா சோத்துக்கு, தூக்கத்துக்கு இல்ல.
"அவங்களுக்குப் பழக்கம் சார்." தூக்கமில்லாம ஓட்ட எந்த மூளையும் பழகாது. பழகிட்டதா நினைச்சுக்கும், அதுதான் ஆபத்து.
"வண்டியை யார் பாத்துக்கிறது?" அப்போ வாட்ச்மேனுக்குத் தனியா காசு குடுங்க. பகல்ல டிரைவர், ராத்திரி வாட்ச்மேன்னு ஒரே ஆளைப் பிழியாதீங்க.

7/ 2023-ல தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல், லாட்ஜ்கள்ல விருந்தினரோட டிரைவர்களுக்குத் தங்குமிடம் இருக்கணும்னு சொல்லிடுச்சு. நீங்க கேட்டாத்தான் அது காகிதத்தை விட்டு வெளிய வரும்.

8/ அதனால:
• ரூம் புக் பண்ணும்போதே "டிரைவர் டார்மிட்டரி இருக்கா, ஃபேன் ஓடுதா, பாத்ரூம் இருக்கா?"ன்னு கேளுங்க. இல்லன்னா பக்கத்துல ஒரு பெட் எடுத்துக் குடுங்க.
• அவர் படுத்ததுலேர்ந்து 7 மணி நேரம் கழிச்சுதான் அடுத்த நாள் கிளம்பணும். ஒரு கோவில் குறைஞ்சா குறையட்டும்.
• நடுராத்திரி முதல் 5 மணி வரை வண்டி நிக்கணும்.
• "தூக்கம் வருது"ன்னு அவர் சொன்னா ஓரங்கட்டி 20 நிமிஷம் தூங்க விடுங்க. முகத்தைச் சுளிச்சா அடுத்த தடவை சொல்ல மாட்டார்.

ஒரு ராத்திரி பெட்டுக்கு ஆகுற செலவு, உங்க குரூப்போட ஒருவேளை டிபன் பில்லு. கேஷுவாலிட்டியில உங்க குடும்பத்தை வரிசையா ஸ்ட்ரெச்சர்ல பாக்க எங்களுக்கு இஷ்டம் இல்ல. அந்த டிரைவரையும்தான். அவருக்கும் வீட்ல புள்ளைங்க காத்திருக்கு.

ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல இதைப் போடுங்க. ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி.