‘டாக்டராகி இன்னுமா படிக்கிறே?’

போன மாசம் திண்டுக்கல்லில் ஒரு வளைகாப்பு. பந்தியில் என் பக்கத்தில் பெரியம்மா மகள். டாக்டர் அக்கா என்றால்தான் எங்கள் வீட்டில் தெரியும். பாயசம் வருவதற்குள் எதிர் வரிசையிலிருந்து மாமா ஆரம்பித்துவிட்டார். “ஏம்மா, ப்ளஸ் டூ முடிச்சு 14 வருஷம் ஆச்சே... டாக்டராகி இன்னுமா படிக்கிறே?”

அக்கா சிரித்தாள். நான்தான் விரல்விட்டு எண்ணினேன். எம்.பி.பி.எஸ் பயிற்சிக்காலத்தோடு சேர்த்து 5½ வருஷம். மனநல மருத்துவத்தில் எம்.டி 3 வருஷம். அதற்கு மேல் டி.எம் இன்னொரு 3 வருஷம். நடுவே நுழைவுத்தேர்வுக்காகப் போன நாள்கள் தனிக்கணக்கு. அவள் இப்போது இருப்பது அந்தக் கடைசி மூன்று வருஷத்தில். படிப்பின் பெயர், குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினர் மனநல மருத்துவம்.

“குழந்தைக்கு என்னம்மா மனநலம்? ரெண்டு போடு போட்டா சரியாயிடும்” என்றார் மாமா. பந்தியில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

2015-16-ல் தேசிய மனநல ஆய்வை பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்தியது. 12 மாநிலங்கள், அதில் தமிழ்நாடும் ஒன்று. 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருப்பதாக அது சொன்னது. 40 பேர் உட்காரும் வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்களுக்கென்றே தனியாக டி.எம் படிக்க நம் நாட்டில் இடங்கள் மிகக் குறைவு. நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ மாதிரி சில நிறுவனங்கள்தான். மனநலத்தில் எம்.டி முடித்தவர்கள் அதற்கென்று தனி நுழைவுத்தேர்வு எழுதி உள்ளே போக வேண்டும்.

சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடிக்கு அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். இந்தப் பகுதிக்கு மேட்டர் கிடைத்த சந்தோஷம் எனக்கு. “எம்.டி-யிலயே மனநலம் படிச்சாச்சு. அப்புறம் இந்த மூணு வருஷத்துல புதுசா என்னதான் சொல்லிக் குடுப்பாங்க?”

“பெரியவங்க அவங்களா வருவாங்க. குழந்தையை யாராவது கூட்டிட்டு வருவாங்க. அதுலதான்டி எல்லா வித்தியாசமும்” என்றாள்.

அம்மா ஒன்று சொல்வார், அப்பா வேறொன்று சொல்வார். ஸ்கூலிலிருந்து மூன்றாவதாக ஒரு புகார் வரும். குழந்தை வாயே திறக்காது. சேர்ந்த புதிதில் அக்கா இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போய் நின்றிருக்கிறாள். அவளுடைய பேராசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல அந்தப் பையன் சொன்னது எங்கே?” என்று மட்டும் கேட்டாராம். அப்படி ஒரு வரிகூட அதில் இல்லை.

மறுநாளிலிருந்து தரையில் உட்காரப் பழகினாளாம். சொப்புச் சாமான், கிரேயான், பொம்மை வீடு இதெல்லாம்தான் அங்கே ஸ்டெதஸ்கோப். ஒவ்வொரு வயசுக்கும் எது இயல்பு என்பது மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வயசுக் குழந்தை இல்லாத நண்பனோடு பேசினால் அது விளையாட்டு. படுக்கையை நனைப்பதை ஐந்து வயசு வரை நோய்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மருந்து வேண்டிய இடங்களும் உண்டு. ஆனால், பாதி நேரம் வைத்தியம் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசுவதில்தான் போகும் என்கிறாள்.

அப்படிப் பேசும்போது அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது என்பதும் ஒரு பாடம். அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் தனியாக அடையாளம் காணப்பட்டது. முதல் குழந்தையைப் பற்றி அதன் அப்பா டைப் செய்து அனுப்பிய 33 பக்கக் கடிதம் அந்தக் கட்டுரைக்குப் பெரிய ஆதாரம். பெற்றவர்கள் கவனித்து எழுதியதிலிருந்து பிறந்த துறை, அடுத்த சில பத்தாண்டுகள் ‘பாசமில்லாத அம்மாவால்தான் ஆட்டிசம் வருகிறது’ என்று அதே பெற்றவர்கள்மேல் பழி போட்டது. அது தப்பு என்று பிறகு தூக்கிப் போட்டுவிட்டார்கள். நம் ஊர்ப் பந்திகளில் இன்னும் போடவில்லை.

“ஒரு கேஸ் சொல்லேன்க்கா, பெயர் போடாம எழுதுறேன்.”

“மாட்டேன்.”

எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. ஆனால், ரகசியம் காப்பதிலும் அவளுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ‘நீ சொல்றதை யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்’ என்று எந்தக் குழந்தைக்கும் அவளால் முழுசாக வாக்குக் கொடுக்க முடியாது. பாலியல் கொடுமை என்று தெரியவந்தால், 2012-ன் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். அதனால் முதலிலேயே, “உனக்கு ஆபத்துன்னா மட்டும் சிலர்கிட்ட சொல்லுவேன்” என்று சொல்லிவிடுகிறாள். அதைக் கேட்டதும் சில பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். “அப்புறம்?” என்றேன். “காத்திருக்கணும். அடுத்த வாரமும் வரச் சொல்லணும்.”

கேஸ் கிடைக்காததால் என் கேஸையே அவளிடம் சொன்னேன். எட்டாம் வகுப்பில் தமிழ் மீடியத்திலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினார்கள். அதிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு எனக்கு வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தார்கள், பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்த அன்றைக்கு, “நடிக்கிறியா?” என்று அப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அம்மா பாவம் பார்த்து ரெண்டு வாரம் லீவு போட வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை வலிக்குமா?” என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்கூட வலித்ததில்லை. இங்கிலீஷ் பீரியடில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும், மொத்த வகுப்பும் சிரிக்கும். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“வலி நிஜம்டி. பயம் வயித்துல வலியா வரும், அது நடிப்பில்ல. ஆனா, அந்த ரெண்டு வார லீவுதான் தப்பு. வீட்லயே இருக்க இருக்க ஸ்கூல் இன்னும் பெருசாத் தெரியும். முதல்ல ஒரு பீரியடு, அப்புறம் அரை நாள்னு கொஞ்சம் கொஞ்சமா உள்ளே அனுப்பியிருக்கணும். அந்த டீச்சர்கிட்டயும் பேசியிருக்கணும்.” 13 வயசில் கிடைக்க வேண்டிய பதில், எனக்கு 25-ல் மொட்டை மாடியில் கிடைத்தது.

அக்காவைப் போன்றவர்கள் உங்கள் ஊரில் இல்லையென்றாலும், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆரம்பிக்கலாம். டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் இலவசமாகப் பேசலாம்.

கீழே இறங்கினால் மாமா படிக்கட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். குரல் இறங்கியிருந்தது. “நம்ம பேரனுக்கு மூணு வயசாகப் போகுது. இன்னும் பேச்சு வரலம்மா. ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்னு எல்லாரும் சொல்றாங்க...”

அக்கா அவருக்குப் பதில் சொல்லவில்லை. கூடத்தில் வளையல் டப்பாவை உருட்டிக்கொண்டிருந்த பையனுக்கு எதிரே, பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தாள். அவனும் அவளுமாக டப்பாவை அரை மணி நேரம் உருட்டினார்கள். பிறகு ஒரு மொய்க்கவரின் பின்பக்கம் ‘முதலில் காது டெஸ்ட், இந்த வாரமே’ என்று எழுதி, மருமகளின் கையில் கொடுத்தாள். மாமா அதை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.