படிவத்துக்குள் அடங்காத வாழ்க்கைகள்: டிஜிட்டல் அடையாள அட்டையில் நாம் கேட்காத கேள்வி

இலங்கையின் டிஜிட்டல் அடையாள அட்டைக்கு இந்தியா நன்கொடை வழங்குவது தொடர்பான உடன்படிக்கை 2022 மார்ச்சில் கைச்சாத்தானது. அடுத்த ஆண்டு 45 கோடி இந்திய ரூபாய் முற்பணமாக வழங்கப்பட்டது. ஆட்சி மாறிய பின்னரும் திட்டம் கைவிடப்படவில்லை. இது தொடர்பில் எமது மக்கள் மத்தியில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எங்கள் தரவு யாருடைய கைக்குப் போகும்? இந்தியாவின் பங்கு என்ன? இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் மென்பொருள் துறையில் வேலை செய்பவன் என்ற வகையில் நான் மூன்றாவது கேள்வி ஒன்றையும் கேட்கிறேன். முல்லைத்தீவில் வாழும் ஒருவரின் உண்மையான நிலைமையை இந்த முறைமைக்குள் எழுதப் போவது யார்?

எங்கள் துறையில் இந்த வேலைக்கென்றே ஒருவர் இருக்கிறார். அவரை பிஸ்னஸ் அனலிஸ்ட் என்பார்கள். நானும் அந்த வேலையைத்தான் செய்கிறேன். மக்களுக்கு என்ன தேவை என்று கேட்டறிந்து, அதை மென்பொருள் எழுதுபவர்களுக்குப் புரியும் விதமாக எழுதிக் கொடுப்பதும், எழுதியது சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதும்தான் அந்த வேலை.

மென்பொருள் செயற்திட்டங்களை நடத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வோட்டர்ஃபோல் எனப்படும் நீர்வீழ்ச்சி முறை. தேவைகளையெல்லாம் முதலிலேயே எழுதி, கையொப்பமிட்டு, பின்னர் கட்டுவது. மேலிருந்து விழுந்த நீர் திரும்ப மேலே ஏறாது என்பதுபோல, முடிந்த கட்டத்துக்குத் திரும்பிப் போவது கடினம். மற்றையது அஜைல். 2001 இல் 17 மென்பொருளாளர்கள் வெளியிட்ட பிரகடனத்தின் பின் பரவலான முறை இது. சிறிது சிறிதாகக் கட்டி, பாவிப்பவரிடம் காட்டி, திருத்திக்கொண்டே போவது.

அரசாங்கங்கள் இந்த இரண்டையும் கலந்தே செய்ய வேண்டியிருக்கிறது. சட்டம், கேள்விப்பத்திரம், நிதி ஒதுக்கீடு எல்லாம் முன்கூட்டியே எழுதப்படுபவை. திரையும் படிவமும் பதிவு நடைமுறையும் மக்களிடம் சோதித்துத் திருத்தப்பட வேண்டியவை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்தான் பிஸ்னஸ் அனலிஸ்ட். எது மாறக்கூடாது, எது மாறலாம் என்று பிரித்துக் காட்டுவது அவருடைய பொறுப்பு. கீழே கண்டறிந்த உண்மை மேலே எழுதப்பட்டதற்கு முரணாக இருந்தால், அதை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவருடைய பொறுப்பே. இந்த இரண்டாவது வேலை நடக்காத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குப் பிரித்தானியாவின் யுனிவர்சல் கிரெடிட் நல்ல உதாரணம்.

ஆறு வகையான உதவிக் கொடுப்பனவுகளை ஒன்றாக்கும் திட்டம் அது. அஜைல் முறையில் செய்வதாகச் சொன்னார்கள். ஆனால் பெரிய ஒப்பந்தங்களும் முன்கூட்டியே அறிவித்த திகதிகளும் அதைக் கட்டிப்போட்டிருந்தன. 2013 செப்டெம்பரில் அந்நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம் கடுமையான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 34 மில்லியன் பவுண் பெறுமதியான கணினி வேலைகள் பயனற்றவையெனக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. பின்னர் 2014 இன் இறுதியில், லண்டனின் சட்டன் பகுதியில், மிகச் சிலருடன் புதிய டிஜிட்டல் சேவையைத் தொடங்கி, பார்த்துப் பார்த்து விரிவாக்கினார்கள். திரைகள் திருந்தின. ஆனால் முதல் கொடுப்பனவுக்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும் என்பது கொள்கையாகவே எழுதப்பட்டிருந்தது. அந்தக் காத்திருப்பில் மக்கள் கடனாளியானதை எந்த மென்பொருளாளராலும் திரையில் திருத்த முடியவில்லை.

எங்கள் நாட்டிலும் இதைப் பார்த்துவிட்டோம். 2023 இல் வந்த அஸ்வெசும திட்டத்தில் 22 அளவுகோல்களை வைத்துக் குடும்பங்களைத் தரம் பிரித்தார்கள். அளவுகோல்கள் முதலிலேயே முடிவாகிவிட்டன. பட்டியல் வெளியானதும் லட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. மக்களிடம் முன்னரே கேட்டிருக்க வேண்டியவற்றை, பிரதேச செயலக வாசலில் வரிசையில் நிற்க வைத்துக் கேட்டார்கள்.

இப்போது அடையாள அட்டைக்கு வருவோம். கைரேகையும் கண் கருவிழியும் பதிவு செய்யப்படும் என்கிறார்கள். ஷெல் வீச்சில் கைகளை இழந்தவர்கள், கண் பார்வையை இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர்? இலங்கை தெரிவு செய்துள்ள மோசிப் மென்பொருளில் அப்படியானவர்களை விதிவிலக்காகப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. ஆனால் பதிவு நிலையத்தில் இருக்கும் உத்தியோகத்தருக்கு அந்த வசதியைப் பாவிக்கும் அதிகாரம் உண்டா, பின்னர் வங்கியில் கைரேகை கேட்டால் அந்த மனிதர் என்ன செய்வது என்பதை மென்பொருள் முடிவு செய்யாது. யாராவது கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘திருமணமானவர்’, ‘விதவை’ என்ற இரண்டு கட்டங்களில் எதில் அவர் அடையாளமிடுவார்? முதலாவதில் இட்டால் கணவரின் கையொப்பம் எங்கே என்பார்கள். இரண்டாவதில் இட்டால், இத்தனை வருடங்கள் தெருவோரப் பந்தலில் இருந்து கேட்ட கேள்விக்குத் தன் கையாலேயே பதில் எழுதியதாகிவிடும். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனவர் என உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. அரசின் சட்டம் ஏற்றுக்கொண்ட அந்த நிலைக்கு அரசின் கணினியில் ஒரு கட்டம் இருக்க வேண்டாமா?

பெயர் விடயமும் இப்படித்தான். எங்கள் பெயர்கள் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போய்வரும்போது ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டல். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவருக்கு ஒப்பிட்டுக் காட்ட மூலப் பிரதியும் இல்லை. காகிதத்தில் வேறுபாடு இருந்தால் கிராம சேவகர் ஒரு கடிதம் தந்து சமாளிப்பார். கணினி கடிதம் வாசிக்காது. பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லும்.

ஆகவே கலப்பு முறை என்றால் என்ன என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். தமிழுக்குச் சம இடம், தரவுப் பாதுகாப்பு, விதிவிலக்கானவர்களின் உரிமை ஆகியவை முதல் நாளிலேயே எழுதப்பட்டு, யாரும் தொட முடியாதபடி இருக்க வேண்டும். “பிறகு பார்த்துத் திருத்துவோம்” என்ற அஜைல் வாக்குறுதிக்குள் அவற்றைத் தள்ளிவிட அனுமதிக்கக் கூடாது. மொழி உரிமை விடயத்தில் ‘பிறகு’ என்பதன் அர்த்தம் எங்களுக்கு நன்றாகவே தெரியும். படிவமும் பதிவு நடைமுறையும் கொழும்பில் முடிவாகக் கூடாது. கிளிநொச்சியிலும் வாகரையிலும் மன்னாரிலும் சிறு அளவில் சோதித்து, அங்கு கண்டதை வைத்து ஒப்பந்தத்தையே மாற்றும் இடமும் இருக்க வேண்டும்.

பாராளுமன்றத்தில் இருக்கும் எமது பிரதிநிதிகள் இதைக் கேட்கலாம். தேவைகளைச் சேகரிக்கும் குழு வடக்கு கிழக்கில் யாரைச் சந்தித்தது? அதில் தமிழ் பேசுபவர்கள் எத்தனை பேர்? தேவைகள் ஆவணத்தைத் தமிழில் வெளியிடுவார்களா? தரவு இந்தியாவுக்குப் போகுமா என்று கேட்கும் அதே குரலில் இதையும் கேட்க வேண்டும். ஆவணம் கையொப்பமாவதற்கு முன்னர் கேட்டால் அது ஒரு வரித் திருத்தம். பின்னர் கேட்டால், இன்னொரு மேன்முறையீட்டு வரிசை.