உயிரோடிருக்கும் கணினிக்கு ஒரு மரணச் சான்றிதழ்

2014 இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று என்னிடம் இருக்கிறது. விசைப்பலகையில் நாலைந்து எழுத்துகள் தேய்ந்து மறைந்துவிட்டன. அதைத் தவிர அதன்மேல் சொல்லத்தக்க குற்றம் எதுவும் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு மேலாக என் பத்திகளையும் கட்டுரைகளையும் நான் எழுதிவந்தது அதில்தான். 2025 ஒக்டோபர் கடைசியில், மின்கலம் தளர்ந்துபோனதால், அதை மாற்றுவதற்காக ஒரு கடைக்குக் கொண்டு சென்றேன். அங்கு நின்ற இளைஞன் திறந்து பார்த்துவிட்டு இரக்கத்தோடு சொன்னான்: “ஐயா, இது பதினொண்டுக்குப் போகாது. பத்துக்கு இனி ஒண்டும் வராது. இதுக்குக் காசைக் கொட்டாதேங்கோ. எறிஞ்சுபோட்டுப் புதுசா ஒண்டை எடுங்கோ.”

அந்தத் தம்பியை நான் நோகவில்லை. கடல் கடந்து எழுதப்பட்ட ஒரு தீர்ப்பை அவன் வாசித்துக் காட்டினான், அவ்வளவுதான். அந்தத் தீர்ப்பைத்தான் இங்கே கேள்விக்குட்படுத்த விரும்புகிறேன்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 ஐ 2015 யூலை 29 இல் வெளியிட்டது. அதற்கான பொது ஆதரவை 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தியது. மாற்றாக முன்வைக்கப்படும் விண்டோஸ் 11, 2021 ஒக்டோபரில் வந்தது. அதை நிறுவுவதற்கு ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்ற முறைவழியாக்கியும் வேண்டும். இன்ரெல் வகையாயின், சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறைக்குக் குறைந்தவை தள்ளுபடி. 2017 இன் தொடக்கத்தில் புத்தம் புதிதாக வாங்கிய கணினிகள் பல நான்கே ஆண்டுகளில் தகுதியற்றவையாயின.

ஆதரவு நின்றால் கணினி நின்றுவிடுவதில்லை. மறுநாட் காலையிலும் அது வழமைபோல் இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா. இதை அற்பமென்று தள்ளுபவனல்லன் நான். 2017 மே மாதத்தில் வனாக்ரை என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியபோது, பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தல் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. அதை நிறுவாதிருந்த கணினிகளே அகப்பட்டன. ஆகவே, “ஒன்றும் நடவாது, கிடக்கட்டும்” என்று வாளாவிருப்பவர்களோடு நான் உடன்படேன்.

ஆனால், “பாதுகாப்புக்காகவே பழையதைக் கைவிடுகிறோம்” என்ற நியாயத்தை ஏற்பதற்கும் முடியவில்லை. புதிய சில்லு கூடுதல் காப்புத் தருகிறது என்பது உண்மை. பழைய மென்பொருளைக் காலமெல்லாம் பராமரிப்பது செலவு என்பதும் உண்மை. எனினும் விண்டோஸ் 10 க்கான ஒட்டுகள் எழுதப்படுவது நிற்கவில்லை. வணிக நிறுவனங்கள் கணினி ஒன்றுக்கு முதலாண்டில் 61 டொலரும், பின்னர் ஆண்டுதோறும் அதன் இருமடங்கும் செலுத்தினால் 2028 ஒக்டோபர் வரை பெறலாமென அறிவிக்கப்பட்டது. காசுப் பொறிகள், வைத்திய உபகரணங்கள் போன்றவற்றுக்கென விற்கப்படும் ஒரு வகை விண்டோஸ் 10 க்கு 2032 சனவரி வரை ஆதரவு உண்டு. தையற்காரன் தொழிலை விடவில்லை. உன்னுடைய சட்டைக்கு மட்டும் ஒட்டுப் போடமாட்டேன் என்கிறான்.

வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரையென ஓராண்டுத் தவணை அறிவிக்கப்பட்டது. அதற்கு 30 டொலர் கட்டவேண்டும். அல்லது கணினியின் அமைப்புகளை நிறுவனத்தின் மேகக் களஞ்சியத்தில் சேமிக்கவேண்டும். அல்லது அதன் வெகுமதிப் புள்ளிகள் ஆயிரத்தைக் கொடுக்கவேண்டும். ஐரோப்பாவின் நுகர்வோர் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. 2025 செப்ரெம்பரில் நிறுவனம் இறங்கிவந்து, ஐரோப்பிய பொருளாதார வலயத்தில் இருப்போருக்கு ஒரு கணக்கு இருந்தாற் போதும், பணமும் வேண்டாம் சேமிப்பும் வேண்டாம் என்றது. பாரிஸிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் தமிழருக்குச் சலுகை. லண்டனிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்போருக்கு இல்லை. அழுத பிள்ளை பால் குடித்தது. நாம் அழவுமில்லை, அழலாம் என்று அறிந்திருக்கவுமில்லை.

புதிது வாங்குவது எல்லோருக்கும் இலகுவான காரியமா? 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்ததை நாம் கண்டோம். டொலரில் விலை குறிக்கப்படும் ஒரு பொருளை எறிந்துவிட்டு இன்னொன்றை எடு என்பது, அந்த அடியிலிருந்து நிமிரப் பாடுபடும் ஒரு குடும்பத்துக்குச் சொல்லக்கூடிய புத்திமதி அன்று. எறிந்தது எங்கே போகும் என்பதையும் எண்ணவேண்டும். ஐ.நா. அமைப்புகளின் அறிக்கைப்படி, 2022 இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன். முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் காற்பங்குகூட இல்லை.

அப்படியாயின் என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் கணினி உண்மையிலேயே தள்ளுபடியானதா என்று பாருங்கள். சிலவற்றில் அந்தச் சில்லு இருந்தும் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கும், இயக்கிவிட்டாற் போதும். தகுதியற்ற கணினியில் குறுக்குவழியால் விண்டோஸ் 11 ஐ நிறுவுவோரும் உண்டு. ஆனால் அதற்கு இற்றைப்படுத்தல் வரும் என்ற உத்தரவாதத்தை நிறுவனம் தரவில்லை. தவணை நீடிப்போ வெறும் ஒத்திவைப்பு, நோய்க்கு மருந்தன்று.

நிலைத்த வழி லினக்ஸ். 1991 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்தது அது. அதன் வடிவங்களுள் ஒன்றான லினக்ஸ் மின்ற், 2 ஜிகாபைற் நினைவகத்திலேயே இயங்கும்; 4 இருந்தால் வசதியாக இயங்கும். வன்வட்டில் 20 ஜிகாபைற் இடம் போதும். விலை எதுவுமில்லை. பென்டிரைவ் ஒன்றில் ஏற்றி, கணினியில் உள்ளதைத் தொடாமலே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால், கோப்புகள் அனைத்தையும் வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு நிறுவலாம். பயர்பொக்ஸும் லிப்ரே ஒபிஸும் கூடவே வருகின்றன. தமிழ் எழுத தமிழ்99 மட்டுமன்றி, இலங்கையில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கிறது.

எல்லாம் சரிவரும் என்று பொய் சொல்லமாட்டேன். சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். விண்டோஸுக்கென எழுதப்பட்ட கணக்கியல் மென்பொருள்கள் பல அதில் ஓடா. நம்மவர்க்கென்றே இன்னொரு முடிச்சும் உண்டு. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளும் அச்சகங்களும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலும் பேஜ்மேக்கரிலுமே பக்கங்களை அமைத்தன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001 இல் வந்தது. பழைய கணினிகளில் உறங்கும் நினைவு மலர்களும் ஊர் வரலாறுகளும் பாமினி இல்லாத இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். கணினியை எறிபவர் பல சமயங்களில் அவற்றையும் சேர்த்தே எறிகிறார். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிப் பாதுகாத்த பின்னரே மற்றதெல்லாம். அதுவரை அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, பக்க வேலைக்கு மட்டும் வைத்திருங்கள்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர்ப் பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் பழைய கணினிகளை அனுப்புவது நல்ல செயல். ஆனால் ஆதரவு முடிந்த இயங்குதளத்தோடு அனுப்பினால், நீங்கள் அனுப்புவது உதவியன்று, ஆபத்து. லினக்ஸை நிறுவி, தமிழ் விசைப்பலகையையும் அமைத்து, இயக்கிப் பார்த்து அனுப்புங்கள். பாடசாலைகளும் ஒரு நிறுவனத்தின் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் கற்பிப்பதை விடுத்து, கணினியைக் கற்பிக்கட்டும். கடைக்காரர்களே, மாற்றி நிறுவித் தரும் வேலைக்குக் கூலி வாங்குங்கள். அது நேர்மையான வருமானம்.

அன்று அந்த இளைஞனிடம், “தம்பி, நீர் பற்றரியை மட்டும் மாற்றித் தாரும்” என்றேன். மாற்றித் தந்தான். ஒரு கிழமை கழித்து லினக்ஸ் மின்ற் நிறுவிய அதே கணினியை அவனுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். சற்று நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, இதை எனக்கும் ஒருக்காப் பென்டிரைவில ஏத்தித் தருவியளோ?” என்று கேட்டான்.

ஏற்றிக் கொடுத்தேன். இதை எழுதி முடித்ததும் அந்தக் கணினியில்தான்.