பாதைக்குச் சாட்சி யார்?

இங்கிலாந்தின் கிராமங்களில் குதிரை ஓட்டுபவர்களும் குதிரைவண்டிக்காரர்களும் பழைய வரைபடங்களைத் தேடி அலைகிறார்கள். அங்குள்ள பொதுப்பாதைகளில் குதிரை போகக்கூடியவை சுமார் 22 விழுக்காடு, வண்டிக்கோ 5தான். தாத்தா காலத்து வண்டித்தடம் வேலிக்குள் போய்விட்டது. அதை அரசுப் பாதை வரைபடத்தில் ஏற்றுவதற்காக, யார், எந்த ஆண்டுகளில் அவ்வழியே போனார்கள் என்று மூத்தவர்களிடம் எழுதி வாங்குகிறார்கள். 20 ஆண்டுகள் தடையின்றி, யாரிடமும் அனுமதி கேட்காமல் மக்கள் போன வழி பொதுவழி என்கிறது அவர்களின் 1980 நெடுஞ்சாலைச் சட்டம்.

குதிரைக்காரர் கவலை நமக்கெதற்கு? பாடையோடு வரப்பில் நிற்பவர்கள் நாம்தானே! நம் 1882 வசதியுரிமைச் சட்டமும் அதே 20 ஆண்டைச் சொல்கிறது. நாமோ ஒவ்வொரு சாவுக்கும் நிலக்காரரிடம் கேட்டுவிட்டுப் போகிறோம். கேட்டுப் போனால் அது உரிமையில்லை, அவர் தயவு. பொதுச்சாலையில் நடக்கும் உரிமைக்கு 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். சுடுகாட்டு வரப்போ பல ஊர்களில் இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை.

படிக்கும் பிள்ளைகள் இந்த விடுமுறையில் புலப்பட நகல் எடுத்து, அதில் பாதை இருக்கிறதா பாருங்கள். தாத்தாவை எந்த வழியாகக் கொண்டுபோனார்கள் என்று பாட்டியிடம் கேட்டு, ஆண்டு போட்டு எழுதி, கைநாட்டு வாங்கி வையுங்கள்.