எதிர்க்கடைக்காரர் எதிரியல்ல

தெருவில் ஒரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும்வரை பக்கத்துக்கு இரண்டு ரூபாய். எதிரே இன்னொன்று வந்ததும் ஒன்றரை ரூபாய். அடுத்த மாதம் ஒரு ரூபாய். வாடகையோ மின்கட்டணமோ டோனர் விலையோ இறங்கவில்லை. சில மாதங்களில் இரண்டு கடையிலும் பிரதி மங்கலாக வர ஆரம்பிக்கும். இயந்திரத்தைப் பழுது பார்க்க யாரிடமும் காசில்லை. கடைசியில் ஒருவர் ஷட்டரை இறக்குகிறார். மிஞ்சியவர் மீண்டும் இரண்டு ரூபாய் வாங்குகிறார். தையற்கடை, முடிதிருத்தகம், ஃபிரிட்ஜ் ரிப்பேர், டிராவல்ஸ் என்று எந்தச் சிறு தொழிலிலும், எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய கதைதான்.

இதற்கு நேர்மாறான உதாரணம் மும்பையில் இருக்கிறது. டப்பாவாலாக்கள். 1890-ல் மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் தொடங்கியதாகச் சொல்லப்படும் தொழில் இது. கோவிட் தொற்றுக்கு முன்பு ஏறக்குறைய 5,000 பேர், தினமும் சுமார் 2 லட்சம் சாப்பாட்டு டப்பாக்களை வீட்டிலிருந்து அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். காலி டப்பாவை மாலைக்குள் வீடு திரும்பவும் வைத்தார்கள். அவர்களுடைய துல்லியத்தைப் பற்றி மேலாண்மைக் கல்லூரிகளில் பாடமே நடக்கிறது. அதிகம் பேசப்படாத விஷயம் வேறு. அவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள்.

வெள்ளைத் தொப்பி அணிந்த இவர்களை ஒரே கம்பெனியின் ஊழியர்கள் என்றே வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் இவர்கள் சிறு சிறு குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகாதம், அதாவது மேஸ்திரி. ஒவ்வொரு குழுவுக்கும் தனி வாடிக்கையாளர்கள், தனி வரவு செலவு. வரும் பணத்தைக் குழுவில் இருப்பவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். புதிய வாடிக்கையாளரைப் பிடிப்பதில் குழுக்களுக்குள் போட்டி உண்டு.

ஆனால் டப்பா வீட்டு வாசலைத் தாண்டிய பிறகு கதை மாறுகிறது. அந்தேரியில் ஒருவர் வாங்கிய டப்பா ரயில் நிலையத்தில் பிரிக்கப்பட்டு இன்னொருவர் கைக்குப் போகிறது. சர்ச்கேட்டில் இறங்கி வேறொருவரின் சைக்கிளில் ஏறுகிறது. மூடியில் எழுதியிருக்கும் எழுத்தும் எண்ணும் எந்த நிலையம், எந்தக் கட்டிடம், எந்த மாடி என்பதைச் சொல்கின்றன. எந்தக் குழுவின் டப்பாவாக இருந்தாலும் குறியீட்டு முறை ஒன்றே. பிடிப்பதில் போட்டி, கொண்டு சேர்ப்பதில் ஒற்றுமை.

இது பெருந்தன்மையால் வந்த ஏற்பாடு அல்ல. முப்பது நாற்பது டப்பாவைச் சுமக்கும் ஒருவர், நகரின் முப்பது மூலைகளுக்கும் பகல் ஒரு மணிக்குள் போக முடியாது. போட்டிக் குழுவின் டப்பாவை இவர் நடைமேடையில் விட்டுவிட்டால், நாளை இவருடைய டப்பாவும் அங்கேயே கிடக்கும். தன்னால் தனியாகச் செய்ய முடியாத வேலை எது என்பதை அவர்கள் தெளிவாக அறிந்து வைத்திருக்கிறார்கள். அதை மட்டுமே பொதுவில் வைத்திருக்கிறார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் புனே மாவட்டத்து மாவல் பகுதியையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்தவர்கள். ஊர்ப் பற்றும் உறவும் நம்பிக்கைக்கு உதவுகின்றன என்பது உண்மை. அதே கட்டு வெளியாள் உள்ளே நுழைவதைக் கடினமாக்குகிறது என்பதும் உண்மை. பல ஊர்க்காரர்கள் கூடித் தொழில் செய்யும் இடத்தில் உறவு செய்கிற வேலையை விதிகள்தான் செய்ய வேண்டும்.

அந்த விதிகள் எதுவரை போகலாம் என்பதில்தான் சிக்கல். போட்டியாளர்கள் நட்பானால் வாடிக்கையாளருக்கு எப்போதும் நல்லதல்ல. கோவாவில் 2018-ல் அரசு ஆதரவுடன் 'கோவா மைல்ஸ்' என்ற செயலி டாக்ஸி வந்தபோது, உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கடன் வாங்கி வண்டி வாங்கியவர்களின் அச்சம் நியாயமானதுதான். ஆனால் கட்டணம் அதிகம் என்று நெடுநாளாகப் புலம்பிய பயணிகளிடம் அவர்களுக்கு அனுதாபம் கிடைக்கவில்லை. மருந்து வணிகர்களின் அகில இந்திய சங்கமும் இதே தவறைச் செய்தது. புதிய விநியோகஸ்தர் வேண்டுமானால் சங்கத்தின் 'ஆட்சேபணை இல்லை' சான்று வேண்டும் என்ற அதன் வழக்கத்தை இந்தியப் போட்டி ஆணையம் 2013-ல் தவறென்று தீர்ப்பளித்தது. போட்டிச் சட்டம் 2002-ன் 3-வது பிரிவு, போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயிப்பதையும் ஏரியா பிரித்துக்கொள்வதையும் தடுக்கிறது. சங்கம் என்ற பெயர்ப் பலகை அதற்குக் கேடயம் ஆகாது.

ஆக, உரைகல் ஒன்றுதான். இரண்டு கடைக்காரர்களின் நட்புக்கான செலவை யார் ஏற்கிறார்கள்? ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவசர வேலையை மற்றவர் முடித்துத் தருவது, உதிரி பாகம் தீர்ந்தால் கைமாற்றாகக் கொடுப்பது, வார விடுமுறையை வெவ்வேறு நாளில் வைத்துக்கொள்வது, தனக்குத் தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் அனுப்புவது - இதிலெல்லாம் வாடிக்கையாளருக்கும் லாபம். பக்கத்துக் கடைப் பையனைச் சத்தமில்லாமல் இழுக்காமல் இருப்பது, எதிர்க்கடை வேலையை வாடிக்கையாளர் முன் மட்டம் தட்டாமல் இருப்பது - இதில் யாருக்கும் நஷ்டமில்லை. ரேட்டைப் பேசி வைத்துக்கொண்டால் மட்டும் செலவு வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. அதை அவர் நெடுநாள் பொறுக்கமாட்டார்.

டெல்லி நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. மக்கள் அங்கே போவதற்குக் காரணமே அந்த நெருக்கம்தான். ஒரு கடையில் முடியாதது அடுத்ததில் முடியும். எதிர்க்கடை வாடிக்கையாளரைப் பறிப்பது மட்டுமல்ல, தெருவுக்கே வரவழைக்கவும் செய்கிறது.

சிறு தொழிலுக்குப் பெரிய அடி பக்கத்துக் கடையிலிருந்து வருவதும் குறைவு. தெருவுக்குத் தெரு போட்டி போட்ட எஸ்.டி.டி. பூத்துகளை ஒன்றையொன்று அழிக்கவில்லை. செல்போன் மொத்தமாகத் துடைத்தது. டப்பாவாலாக்களையும் இன்னொரு குழு சாய்க்கவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கால் ரயில் நின்றது, அலுவலகங்கள் வீட்டுக்குள் போயின, பலர் கிராமத்துக்குத் திரும்பினார்கள். தொழில் பிறகு மீண்டும் தொடங்கினாலும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை. அப்படியொரு அடி விழும்போது ஒரு கடைக்காரரின் கஷ்டம் சொல்லாமலே புரியக்கூடியவர் அந்தத் தெருவில் ஒருவர்தான். எதிர்க்கடைக்காரர். அவரோடு பேச்சுவார்த்தை இருப்பது நல்லது.