அண்ணாச்சி கடை பொம்மைப் பெட்டி

மார்கழி பிறந்ததும் எங்க ஊர் பலசரக்குக் கடை வாசலில் ஒரு பெரிய பிஸ்கட் அட்டைப்பெட்டி வந்து உட்கார்ந்துவிடும். மேலே ஸ்கெட்ச் பேனாவில் 'விளையாட்டுச் சாமான் போடவும்' என்று எழுதியிருக்கும். கடை அண்ணாச்சி மூணு வருஷமா இதைச் செய்கிறார். மழை விட்டதும் செங்கல் சூளை வேலைக்கு வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சிறுவீட்டுப் பொங்கலுக்கு முன்னால் இதெல்லாம் போய்ச் சேரும்.

சென்னையில் இருக்கிறவங்களுக்குச் சிறுவீட்டுப் பொங்கல் தெரியாமல் இருக்கலாம். தாமிரபரணிப் பக்கம், தைப்பொங்கல் முடிந்த பிறகு பிள்ளைகளுக்கென்றே வருகிற பொங்கல் அது. முற்றத்தில் மண்ணால் சின்ன வீடு கட்டி, அதன் முன்னால் சின்னப் பானையில் பொங்குவார்கள். மார்கழி முழுக்கக் கோலத்தில் வைத்த பூவைச் சாணியோடு தட்டிக் காயவைத்த எருவை, அன்றைக்கு ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். போன வருஷம் சூளைப் பிள்ளைகள் உடைந்த செங்கல்லை அடுக்கி நாலு சிறுவீடு கட்டியிருந்தார்கள். எங்க தெரு வீடுகளைவிட அது நல்லா நிமிர்ந்து நின்றது. கட்டினவன் பிள்ளை இல்லையா!

முதல் வருஷம் நான் அண்ணாச்சியோடு சண்டை போட்டேன். "பொம்மை எதுக்கு அண்ணாச்சி? நோட்டு, பேனா வாங்கிக் குடுத்தா படிப்புக்காவது ஆகும்லா" என்றேன்.

"நோட்டு, புஸ்தகம், யூனிபார்ம் எல்லாம் பள்ளிக்கூடத்துலயே குடுக்காங்க. பொம்மை யாரு குடுக்கா? உம்ம புள்ளைக்கு வாங்கும்போது படிப்புக்கு ஆகுமான்னு கேட்டா வாங்குனீரு?" என்றார்.

பதில் இல்லை. சூளைப் பிள்ளைகளுக்கு வருஷத்தின் நடுவில் ஊர் மாறுவதால் பள்ளிக்கூடமே விட்டுப்போகிறது. அது பெரிய பிரச்சினைதான். ஆனா அது நோட்டாலும் தீராது. ஏழைப் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு பிரயோஜனம் இருக்கணும் என்று நாம எதிர்பார்க்கிறோம். நம்ம பிள்ளைக்கு மட்டும் சும்மா விளையாட ஒரு பொம்மை போதும்.

இதைக் கேள்விப்பட்டு வெளியூரில் இருக்கும் நம்ம ஆட்கள் மூட்டை மூட்டையாக அனுப்ப ஆரம்பித்தார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனா ராத்திரி கடை அடைத்த பிறகு நானும் அண்ணாச்சியும் அதைத் தரம் பிரித்தோமே, அப்பத்தான் தெரிந்தது. சக்கரம் இல்லாத கார், கை இல்லாத பொம்மை, பாதிக் காய் காணாமல் போன கேரம் செட். பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்துக் கிடந்தது ஒரு ரயில். வட்ட பேட்டரி போட்ட சாமானைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. நல்ல பேட்டரி பொம்மையும் அங்கே உதவாது. இரண்டு நாளில் தீர்ந்துவிடும். புதுசு வாங்க அந்த அம்மாவிடம் காசு ஏது? அழுகையை அடக்க அவள் என்ன செய்வாள்?

குறை சொல்கிற நானும் யோக்கியன் இல்லை. என் மகன் விளையாடாமல் போட்டிருந்த மரப் பேருந்தை அவனிடம் கேட்காமல் பெட்டியில் போட்டேன். அடுத்த நாள் கடைக்குப் போனவன் அதைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்து அழுத அழுகை இருக்கே! அண்ணாச்சி கேட்டார், "அவன் குடுத்தானா, நீரு குடுத்தீரா?" பேருந்து திரும்பி வீட்டுக்கு வந்தது. பத்து நாள் கழித்து அவனே கொண்டுபோய்ப் போட்டான். அதே பேருந்து இல்லை, வேற ஒரு பம்பரம். பேருந்து இன்னும் எங்க வீட்டில்தான் இருக்கு.

பணமாகத் தருகிறவர்கள் காசில் அண்ணாச்சி அம்பாசமுத்திரம் போய் மரச்செப்பு வாங்குகிறார். கடைசல் பிடித்து அரக்குச் சாயம் ஏற்றின சின்னச் சின்னப் பானை, அடுப்பு, உலக்கை. சிறுவீட்டுப் பொங்கலுக்கு அதைவிடப் பொருத்தமாக வேறென்ன இருக்கு? கடைசல்காரருக்கும் தை மாசம் நாலு காசு.

முதல் வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொன்று கொடுத்தார். செல்போனில் படம் எடுக்க நாலு பேர் நின்றார்கள், நானும் ஒருத்தன். பிள்ளைகள் பொம்மையைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றதுகள். மறு வருஷத்திலிருந்து படம் கிடையாது, வரிசையும் கிடையாது. சூளைக் கொட்டகையில் ஜமுக்காளம் விரித்துப் பரப்பிவிட்டு, "வேணுங்கதை எடுத்துக்கிடுங்க"ன்னு சொல்லிட்டு நாங்கள் தள்ளிப்போய் டீ குடிப்போம்.

போன தையில் ஏழெட்டு வயசுப் பிள்ளை ஒன்று ரொம்ப நேரம் சுற்றிச் சுற்றி வந்து ஒரு செப்புச் செட்டை எடுத்தது. நேரா அண்ணாச்சியிடம் வந்து, "எப்ப திருப்பிக் குடுக்கணும்?"னு கேட்டுச்சு. "திருப்ப வேண்டாம் தாயி, உனக்குத்தான்" என்றார். அது நம்பவில்லை. அவள் அம்மாவைப் போய் இழுத்துக்கொண்டு வந்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னது.

இந்த வருஷப் பெட்டி வைத்தாச்சு. ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறவர்கள் உங்க பிள்ளையிடம் கேட்டுவிட்டுக் கொண்டுவாங்க. மச்சான் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூசுகிற சாமான் என்றால் அங்கேயே குப்பையில் போட்டுவிடுங்கள், பஸ் ஏற்ற வேண்டாம். "பேட்டரி வேண்டாம்னு பெருசா எழுதும்வே"ன்னு அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன்.